பதில் போகும் முகவரி

ஊபி தொழிற்பேட்டை, ஐந்தாம் மாடி.
கீழே டயர்க் கடை. எதிரே இன்னொரு டயர்க் கடை.
இடையில் நாங்கள்,
வெந்நீர்ச் சாதனம் விற்று, விற்றதைப் பழுதும் பார்க்கும்
பதினோரு பேர்.

புகார் மென்பொருளை மாற்றியது ஜூன் கடைசியில்.
அமைப்புப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள்.
அனுப்புநர் முகவரி, பதில் முகவரி.
ஒன்று முகம். மற்றது காது.
முகத்தில் நிறுவனத்தை எழுதினேன்.
காதில், சும்மா சோதித்துப் பார்க்க,
பக்கத்து நாற்காலி ஹஸ்னாவை.
"வந்துச்சா?"
"வந்துச்சு."
விடுப்புக்கு முன் அவளுக்கு அன்று கடைசி நாள்.
மேசையில் பாண்டான் கேக், நிறைமாத வயிறு,
முதலாளி கோ மூச்சிரைக்க ஊதிய ஒற்றை பலூன்.
கேக் வெட்டக் கூப்பிட்டார்கள், எழுந்து போனேன்.
கட்டம் அப்படியே இருந்தது.

ஏழு வாரம்.
எங்கள் கடிதங்கள் போயின. ஒரு பதிலும் வரவில்லை.
ஊரே திருப்தியாக இருக்கிறதென்று
கூட்டத்தில் நானேதான் வரைபடம் காட்டினேன்.
கோடு தரையைத் தொட்டது.
கைதட்டினார்கள்.

நேற்று, புளோக்குகளில் தேசிய தினக் கொடிகளை
இன்னும் அவிழ்க்காத ஒரு செவ்வாய்க்கிழமை,
பிடோக் நார்த்திலிருந்து இரண்டு பேருந்து மாறி
திருவாட்டி சியூ நேரில் வந்தார்.
புகார் சொல்லத்தான் என்று நினைத்தேன்.
மேசையில் ஒரு தூக்கை வைத்தார்.
இஞ்சிக் கோழி.
"பெயரைப் பார்த்து ஹலால் கோழிதான் வாங்கினேன்,
மது சேர்க்கவில்லை.
குழந்தை ஆணா, பெண்ணா?"

எந்தக் குழந்தை?

ஹஸ்னாவின் பெட்டியைத் திறந்தபோது
முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்.
எழுதிய ஒவ்வொருவருக்கும்
அவள் எழுதிவைத்துப் போன இரண்டு வரி
தானாகவே போயிருக்கிறது:
"மகப்பேறு விடுப்பில் இருக்கிறேன்.
அக்டோபரில் சந்திப்போம்."

தேதிவாரியாகப் படித்தேன்.
பழுதுபார்ப்பவர் வரவில்லை.
இன்றும் வரவில்லை.
துருநீர் வருகிறது, படம் இணைத்திருக்கிறேன்.
வழக்குப் போடுவேன் என்றவர்
நான்கு நிமிடம் கழித்து,
மன்னிக்கவும், சுகப்பிரசவம் ஆகட்டும்.
பொத்தோங் பாசிர் குணவதி
பூண்டுக் குழம்புக்குப் பக்குவம் எழுதியிருந்தார்.
தலைப்பில் மட்டும் ரசீது எண்.
தோ பாயோ ரெட்ஸுவான் எழுதியது ஆறு முறை.
முதல் மூன்றில் கோபம். நாலாவதில்,
வெந்நீர் இல்லாததால் காலையில்
நீச்சல் குளத்துக்குப் போய்க் குளிக்கிறேன்.
ஐந்தாவதில், அங்கே நாலு பேர் பழக்கமாகிவிட்டார்கள்.
ஆறாவது:
அவசரமில்லை. நன்றாகத் தூங்குங்கள்.

எட்டு வருடமாக என் கடிதங்கள்
"உங்கள் பொறுமைக்கு நன்றி" என்றே முடிகின்றன.
அந்தப் பொறுமையை
இதுவரை நான் நேரில் பார்த்ததில்லை.

கர்சரைக் கட்டத்தின் கடைசியில் வைத்து
அவள் பெயரைப் பின்னாலிருந்து அழித்தேன்,
ஆ, ன, ஸ், ஹ.
பொது முகவரியை எழுதினேன். சேமித்தேன்.
எனக்கே ஒரு கடிதம் அனுப்பி
எனக்கே பதில் போட்டேன்.
எண் கிடைத்தது: 4470.
பிறகு முந்நூற்றுப் பன்னிரண்டு மன்னிப்புகள்.
நகலெடுத்து ஒட்டத்தான் இருந்தேன்,
பூண்டுக் குழம்பு விடவில்லை.

இரவு இரண்டரைக்கு ஹஸ்னாவிடமிருந்து குறுஞ்செய்தி.
பெண். மூன்று கிலோ நூறு.
அதன் கீழே,
தோ பாயோக்காரருக்கு ஹீட்டர் மாட்டியாச்சா?

இன்று காலை, சரியான பெட்டியில்,
4471. திருவாட்டி சியூ.
தூக்கு மெதுவாக வரட்டும்.
குழந்தை இரவில் தூங்குகிறதா?

வகை என்ன என்கிறது மென்பொருள்.
கசிவு, சத்தம், கட்டணம், மற்றவை.
மற்றவையைத் தொட்டேன்.
நிலை என்ன என்கிறது.
ஹஸ்னாவைக் கேட்க வேண்டும்.
அதுவரை
நிலுவையில் இருக்கட்டும்.